எனக்கென்று ஒரு கேம் பெட்டி

கேம் விளையாட எந்தப் பெட்டி வாங்கலாம் என்று ஆலோசனை சொல்லும் வீடியோக்களை ஒரு மழைக்காலம் முழுக்கப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரு இளைஞன் உட்கார்ந்திருப்பான். பின்னால் ஊதா விளக்கு எரியும். சக்கரம் வைத்த நாற்காலி, பெரிய மேஜை, அதன்மேல் ஒரு திரை போதாதென்று இன்னொரு திரை. "முதல்ல உங்க தேவை என்னன்னு தெரிஞ்சுக்குங்க" என்று ஆரம்பிப்பான். பிறகு படம் எவ்வளவு துல்லியமாக வரும், எந்தக் கம்பெனியின் பெட்டியில் எந்த கேம் ஓடும், எதில் ஓடாது என்று அடுக்குவான். அவனைத் தவிர அந்த அறையில் ஒரு ஈ காக்காய் இருக்காது. யாரும் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, "ஒயரப் புடுங்கு, மாவு அரைக்கணும்" என்று சொல்ல மாட்டார்கள். என் தேவை என்ன என்று அவன் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். உன் அறையைக் கொடுடா, மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

என் வீட்டைச் சொல்லிவிடுகிறேன். திருவொற்றியூரில் கடலைப் பார்த்த தெரு. மாடியில் ஒரு ஹால், ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. அறை தம்பிக்கும் அவன் பெண்டாட்டி பிள்ளைகளுக்கும். ஹால் அம்மாவுக்கும் எனக்கும். தம்பி காசிமேட்டில் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவன். அப்பாவும் இருந்தவரை கடலுக்குப் போனவர்தான். நான் மட்டும் கரை வேலைக்காரி. எண்ணூர் போகிற ரோட்டில் ஒரு கன்டெய்னர் யார்டின் கேட்டில் உட்கார்ந்து, உள்ளே வருகிற ட்ரெய்லர்களின் பெட்டி நம்பரையும் பூட்டில் இருக்கும் சீலையும் சரிபார்க்கிற உத்தியோகம். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதை என்னைவிட நன்றாகச் சொல்ல எங்கள் தெருவில் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களைக் கேட்டுக்கொள்ளலாம். எனக்கென்று அந்த வீட்டில் இருந்தது, தம்பி அறையில் நிற்கும் பீரோவில் கீழ் அடுக்கு ஒன்று.

இந்தப் பொம்பளைக்கு எதற்குக் கேம் என்று நீங்களும் நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். எனக்குச் சண்டைக் கேம்தான் பிடிக்கும். இரண்டு பேர் எதிரெதிரே நின்று, ஒருவர் விழுகிற வரைக்கும் அடித்துக்கொள்கிற கேம். சின்ன வயதில் பின் தெருவில் ஒரு வீட்டில் டிவியோடு மாட்டுகிற கேம் பெட்டி இருந்தது. கேசட்டை எடுத்து, வாயால் ஊதி, மறுபடி செருகினால்தான் படம் வரும். பையன்களுக்கு எதிராக ஆட ஆள் குறைந்த ஒரு நாளில் என்னை உட்கார வைத்தார்கள். அதன் பிறகு என்னை எழுப்ப அவர்களால் முடியவில்லை. வரிசையாக வந்து வரிசையாகத் தோற்றார்கள். தம்பி அப்போது என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, "எங்கக்கா, எங்கக்கா" என்று குதிப்பான். என் வாழ்க்கையில் என்னைப் பார்த்து நாலு பேர் பயந்தது அந்த வீட்டில்தான். நான் வயதுக்கு வந்ததும் அம்மா அதை நிறுத்திவிட்டாள். அடுத்தவர் வீட்டில் பையன்களோடு என்ன விளையாட்டு என்று ஒரே வார்த்தை. அதற்கு மேல் விவாதம் கிடையாது.

போன் வந்தபிறகு போனில் ஆடிப் பார்த்தேன். சண்டைக் கேமுக்குப் போன் ஆகாது. விரலுக்குத் தட்டுப்படுகிற பட்டன் வேண்டும். வழுவழுப்பான கண்ணாடியில் எங்கே குத்துகிறோம், எங்கே தடுக்கிறோம் என்று கைக்குத் தெரியாது. கட்டைவிரல் இரண்டும் பாதிப் படத்தை மறைத்துக்கொள்ளும். எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் கை வேர்த்து வழுக்கும். ஆட்டம் சூடு பிடிக்கும்போது யார்டிலிருந்து சூப்பர்வைசர் கூப்பிடுவார். அவர் வைத்தால் தம்பி மகள் வந்து நிற்பாள், "அத்த, ஸ்கூல்ல ப்ராஜெக்ட் குத்துக்கீறாங்க, போனக் குடு" என்று. என் போன் என் பெயரில் இருக்கிறதே தவிர, அது வீட்டுப் போன்தான்.

கம்ப்யூட்டர் வாங்கலாம் என்று கொஞ்ச நாள் அலைந்தேன். கம்ப்யூட்டர் என்றால் மேஜை வேண்டும். மேஜையை ஹாலில் போட்டால் அம்மா எங்கே படுப்பாள்? மடியில் வைக்கிற ரகம் இருக்கிறதே என்றால், சண்டைக் கேம் ஓடுகிற லேப்டாப்பின் விலையைக் கேட்டபோது எனக்கே சிரிப்பு வந்தது. அது மட்டுமில்லை. எங்கள் பக்கத்துக் காற்று எப்படிப்பட்டது என்று அந்த வீடியோக்காரனுக்குத் தெரியாது. யார்டு ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒருநாள் நின்றுபோய், ரிப்பேர்காரர் வந்து பின்பக்கத்தைக் கழற்றினார். உள்ளே உப்பில் பூத்த துருவும், காற்றாடி முழுக்கக் கருப்புத் தூளும். "இன்னாம்மா இது, கம்ப்யூட்டரா, கரியடுப்பா?" என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் ரிமோட்டிலிருந்து மிக்ஸி வரைக்கும் எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் கவர் மாட்டி வைப்பது அதனால்தான். கவர் போட்டால் கம்ப்யூட்டர் சூட்டில் சாகும். போடாவிட்டால் உப்பில் சாகும்.

டிவியில் மாட்டுகிற பெரிய பெட்டியைத்தான் வீடியோக்காரர்கள் எல்லோரும் சிபாரிசு செய்தார்கள். கொடுக்கிற காசுக்கு அதுதான் லாபம் என்றார்கள். லாபம்தான், டிவி யாருடையது என்கிற கேள்வியை விட்டுவிட்டால். எங்கள் ஹால் டிவியை வாங்கியவள் நான். என் போனஸில் வந்தது. வந்த நாளிலிருந்து அதன் ரிமோட் என் கையில் இருந்த நேரம் மொத்தமும் சேர்த்தால் ஒரு சினிமா பார்க்கக் காணாது. சாயங்காலம் அம்மாவின் சீரியல். தம்பி கரையில் இருந்தால் கிரிக்கெட். மற்ற நேரம் குழந்தைகளின் கார்ட்டூன். இதற்கு நடுவில் நான் ஒரு கருப்புப் பெட்டியைக் கொண்டுவந்து மாட்டி, "எல்லோரும் கொஞ்சம் தள்ளுங்கள், நான் ஆளைப் போட்டு அடிக்க வேண்டும்" என்று சொன்னால் எப்படி இருக்கும்?

வீட்டில்தான் முடியாது, வெளியே ஆடலாமே என்று வண்ணாரப்பேட்டைக்கு ஒருமுறை போனேன். ரவிக்கைத் துணி எடுக்கப் போன சாக்கில், துணிக்கடைகளுக்கு மேலே மாடியில் இருக்கும் கேம் சென்டருக்குள் நுழைந்தேன். மணிக்கணக்கில் வாடகைக்கு ஆடலாம். உள்ளே ஏசி, இருட்டு, முழுக்கக் காலேஜ் பையன்கள். என்னைப் பார்த்ததும் எல்லாத் தலையும் திரும்பியது. கல்லாவில் இருந்தவர், "யாரத் தேடறீங்கக்கா? பையன் பேரு இன்னா?" என்று கேட்டார். யாரையும் தேடவில்லை, ஆட வந்தேன் என்றேன். மரியாதையாகத்தான் உட்கார வைத்தார். பக்கத்தில் ஒரு பையனை எதிராளியாகப் போட்டார்கள். முதல் ஆட்டத்தில் தோற்றேன். பட்டன் பழக வேண்டும் அல்லவா. அடுத்த இரண்டிலும் அவனைப் படுக்க வைத்தேன். கை தானாக ஓடியது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்து பல வருஷம் இருக்கும். ஆனால் அவன் நண்பர்கள் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். "மச்சி, ஆன்ட்டிகிட்ட அடி வாங்கிட்டியேடா" என்று ஒருவன் சொல்ல, எல்லோரும் கூவினார்கள். அவன் கன்ட்ரோலரை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். அடுத்து என்னோடு உட்கார யாரும் வரவில்லை. ஜெயித்தவளாக அந்தப் படியில் இறங்கவில்லை நான். ஒருவனின் அவமானமாக இறங்கினேன்.

அப்படித்தான் கையடக்கப் பெட்டிக்கு வந்து சேர்ந்தேன். இரண்டு பக்கமும் பட்டன், நடுவில் திரை. டிவி வேண்டாம், மேஜை வேண்டாம். சார்ஜ் போட்டுவிட்டால் ப்ளக்கும் வேண்டாம். காதில் இயர்போனைச் செருகினால் சத்தமும் வெளியே போகாது. படம் சின்னது, பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும், பெரிய பெட்டியில் ஓடுகிற கேம்கள் பாதி இதில் ஓடாது என்று வீடியோக்காரன் குறைப்பட்டுக்கொண்டான். ஓடாவிட்டால் போகட்டும். யாரையும் எழுப்பாமல், யாரையும் தள்ளி உட்காரச் சொல்லாமல், யாரிடமும் கேட்காமல் ஆடலாம். என் தேவை அது ஒன்றுதான் என்று அப்போது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. யார்டில் மத்தியானம் சாப்பிட்ட பிறகு, ட்ரெய்லர் வரிசை கொஞ்சம் ஓய்கிற நேரத்தில், கேட் ரூமின் பின்னால் ஒரு பெஞ்சு காலியாக இருக்கும். என் ஊதா விளக்கு அறை அதுதான் என்று முடிவுசெய்தேன்.

கடையில் விற்பனைக்கு நின்ற பையன் முதலில் கேட்டது, "சன்னுக்கா மேடம்?" எனக்கு என்றேன். அவன் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. குழந்தைகள் கேம் ஒன்றை எடுத்து, "இது எட்டு வயசுலேர்ந்து ஆடலாம்" என்றான். சண்டைக் கேம் கேட்டேன். "அது கொஞ்சம் வயலன்ஸ் மேடம், பாத்துக்குங்க" என்றான். பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் பணத்தைக் கட்டினேன். பையில் போடும்போது, கிஃப்ட் பேப்பர் சுற்றித் தரவா என்றான். வேண்டாம் என்று நான் சொன்ன குரலில் அவன் இரண்டடி பின்னால் போனான்.

வாங்கிய நேரம்தான் சரியில்லை. என் தங்கச்சி ராயபுரத்தில் இருக்கிறாள். அவள் மகள் அப்போது வயதுக்கு வந்திருந்தாள். மஞ்சள் நீராட்டுக்கு மண்டபம் பிடித்தாகிவிட்டது. எங்கள் ஜனத்தில் அது கல்யாணத்துக்கு அடுத்த விசேஷம். தாய்மாமன் சீர் எடுத்து வர வேண்டும், அது தெருவில் நடந்து வர வேண்டும், அதைத் தங்கச்சியின் மாப்பிள்ளை வீட்டார் வாசலில் நின்று பார்க்க வேண்டும். தாய்மாமன் என்பது என் தம்பி. ஆகவே எங்கள் வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள். ஹாலில் காலை எடுத்து வைக்க இடமில்லை. இந்தக் கூட்டத்தில் பெட்டியைப் பிரித்தால் ஆளுக்கொரு கை வைத்து, எனக்கு எனக்கு என்று பிடுங்கி, ஞாயிற்றுக்கிழமைக்குள் பட்டன் தனியாக வந்துவிடும். விசேஷம் முடிந்து எல்லோரும் கிளம்பட்டும் என்று, கடையில் ஒட்டிய சீல்கூடப் பிரிக்காமல் பீரோவின் கீழ் அடுக்கில் என் புடவைகளுக்கு அடியில் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டும்.

விசேஷத்தன்று எனக்கு லீவு கிடைக்கவில்லை. கப்பல் வந்திருந்தது, ரோடு முழுக்க ட்ரெய்லர். மத்தியானத்துக்கு மேல் பர்மிஷனில் கிளம்பி, யார்டு பாத்ரூமிலேயே பட்டுப்புடவை மாற்றிக்கொண்டு பஸ் பிடித்தேன். ராயபுரத்தில் இறங்கி, கோயில் முனைக்கு ஓடினேன். சீர் அங்கிருந்துதான் புறப்படும். பேண்டு அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். செண்டை மேளம் வேறு. பெண்கள் வரிசையாகத் தட்டேந்தி நின்றார்கள். எங்கள் பக்கம் கல்யாணமானவர்கள்தான் தட்டு எடுப்பார்கள். நான் பின்னால் நடக்கிறவள். அது எனக்குப் பழகிப்போனது. வரிசையைப் பார்த்துக்கொண்டே என் இடத்துக்குப் போனேன். வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், ஆப்பிள், லட்டு, ஜிலேபி, பட்டுப்பாவாடை, வளையல், சென்ட் பாட்டில், சாக்லேட்டில் கட்டிய வீடு, பெரிய கரடி பொம்மை.

அதற்கடுத்துத் தம்பி பெண்டாட்டி. அவள் கையில் இருந்த தட்டில், பளபளக்கும் கண்ணாடித் தாள் சுற்றி, சிவப்பு ரிப்பனில் முடிச்சுப் போட்டு, என் பெட்டி.

முதலில் நான் அதை வேறொன்று என்று நினைத்தேன். வேறு யாரோ அதே பெட்டியை வாங்கியிருக்கிறார்கள் போல என்று ஒரு பைத்தியக்கார எண்ணம். கிட்டே போய்ப் பார்த்தேன். ஓரத்தில் கடைக்காரன் ஒட்டிய ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. அம்மாவைத் தேடிப் பிடித்துக் கையைப் பற்றினேன். "அது எப்டிம்மா தட்டுல வந்துச்சு?" அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "ஏண்டி, எங்கிட்ட கூட சொல்லாம வாங்கி வெச்சிகீறியே! காத்தால தட்ட எண்ணிப் பாத்தா ரெட்டப்படையா வந்துச்சுடி. ஒத்தப்படையிலதான எட்த்துகினு போணும்? இன்னா பண்றதுன்னு பேஜாரா பூச்சு. உன் பொடவை ஒண்ணு எடுக்கலாம்னு பீரோவத் தொறந்தா, தோ, மகராசி, நீ ஏற்கெனவே வாங்கி வெச்சிகீற" என்று என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள்.

அவள் பொய் சொல்லவில்லை. நடிக்கவும் இல்லை. விசேஷ வாரத்தில் வீட்டில் பிரிக்காத பெட்டி ஒன்று இருந்தால் அது சீருக்குத்தான். கல்யாணமாகாத மூத்த மகள் விளையாட்டுச் சாமான் வாங்கி வைத்திருந்தால் அது தங்கச்சி மகளுக்குத்தான். வேறொரு காரணம் இருக்கக்கூடும் என்று நினைக்க அம்மாவிடம் இடமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திருடியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

யார்டு கேட்டில் நான் கத்துகிற கத்தலுக்கு, ஊரை விட்டு ஊர் வந்த டிரைவர்கள் வண்டியை ரிவர்ஸ் எடுப்பார்கள். அந்தத் தெருவில் எனக்கு வாய் வரவில்லை. எடுத்த தட்டை இறக்கச் சொன்னால் கணக்கு மறுபடி இரட்டைப்படை ஆகும். வாசலில் நிற்கிற மாப்பிள்ளை வீட்டார் முன்னால் தம்பி தலைகுனிவான். தங்கச்சி வாழ்நாள் முழுக்க அதற்கு ஏச்சு கேட்டுக்கொண்டிருப்பாள். இதெல்லாம் ஒரே நொடியில் எனக்குத் தெரிந்தது. சிறு வயதிலிருந்து வேறென்ன பழகியிருக்கிறேன்? பேண்டு நகர்ந்தது. சரவெடி கொளுத்தினார்கள். என் பெட்டிக்குப் பின்னால் நானும் நடந்தேன்.

மண்டபத்தில் மைக்கில் ஒருவர் சீரை ஒவ்வொன்றாகச் சொன்னார். "தாய்மாமன் சீர், வீடியோ கேம்!" என்றபோது கைதட்டல் வந்தது. அதுவரைக்கும் ஆப்பிளுக்கும் லட்டுக்கும் யாரும் தட்டவில்லை. போட்டோக்காரர் தம்பியைக் கூப்பிட்டு, பெட்டியைப் பிள்ளையின் கையில் கொடுக்கிற மாதிரி நிற்கச் சொன்னார். தம்பி அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றான். அது என்ன, எதற்கு என்று அவனுக்குத் தெரியாது. மாப்பிள்ளையின் அண்ணன் வந்து விலை விசாரித்தபோது, "வெலை கெடக்குது மாமா, புள்ள ஆசப்பட்டுச்சு, லேட்டஸ்ட் ஐட்டம்" என்றான். என் தம்பி கெட்டவன் இல்லை. அன்றைக்கு அவனுக்குப் பெருமையாக இருந்தது, அவ்வளவுதான். அந்தப் பெருமையை வாங்கியவள் நான் என்று யாருக்கும் தெரியவில்லை. பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த அத்தை ஒருத்தி, "இப்டி ஒரு தம்பி கெடைக்க நீங்க குடுத்து வெச்சிருக்கணும்மே" என்றாள். பாயசத்தைக் குடித்தேன். எனக்கு அழுகை வரவில்லை.

இன்னொன்று வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்பீர்கள். விசேஷம் முடிந்த வாரம் கடை வரைக்கும் போனேன். வாசலிலேயே நின்றேன். வாங்கலாம், கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் முடியாதது இல்லை. வாங்கி எங்கே கொண்டுபோய் வைப்பது? அதே பீரோ, அதே அடுக்கு. அடுத்த விசேஷத்துக்குத் தட்டு குறைந்தால் அதே கை உள்ளே வரும். எந்தப் பெட்டி நல்லது என்று அத்தனை மாதம் ஆராய்ச்சி செய்தேனே, பூட்டு உள்ள அடுக்கு ஒன்று முதலில் வேண்டும் என்று எந்த வீடியோவிலும் ஒருத்தனும் சொல்லவில்லை. யார்டில் வைக்கலாம் என்றால், அங்கே ராத்திரி ஷிஃப்டில் சாப்பாட்டு டப்பாவே காணாமல் போகிறது. திரும்பி வந்துவிட்டேன்.

மறுமாதம் ராயபுரத்துக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போனேன். ஹால் ஷோகேஸில், கண்ணாடிக்குள்ளே, கரடி பொம்மைக்குப் பக்கத்தில் என் பெட்டி இருந்தது. சிவப்பு ரிப்பன்கூட அவிழ்க்கப்படவில்லை. பிள்ளையிடம் கேட்டேன், ஆடிப் பார்த்தாயா என்று. "இல்ல பெரிம்மா, அம்மா பிரிக்கவே வுடல. எனுக்கும் அது எப்டின்னு தெரியாது" என்றாள். அவளுக்கு ரீல்ஸ் பார்க்கத்தான் ஆசை. தங்கச்சி உள்ளே இருந்து, "வெலை ஒசந்த ஐட்டமாமே, புள்ளைங்க கையில குத்தா ரெண்டு நாள்ல ஒட்ச்சிடும். அண்ணன் சீர்ல வந்தது, வர்றவங்க கண்ணுல படட்டும்னு வெச்சிகீறேன்" என்றாள். யாரும் ஆடாத கேம் பெட்டி. சார்ஜ் போடாமல் வைத்தால் பேட்டரி செத்துவிடும் என்று எனக்கு மட்டும்தான் அந்த வீட்டில் தெரியும். அதுதான் என்னைப் பேச வைத்தது.

"சும்மாதான கீது, ஒரு மாசம் எங்கிட்ட குடேன்" என்றேன். தங்கச்சி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "அண்ணன் புள்ளைங்க கேட்டுச்சுங்களா?" என்றாள். இல்லை, எனக்கு என்றேன். அவள் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கேட்டதில் தவறில்லை என்று பஸ்ஸில் வரும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்காமல் எடுத்தவர்கள் எல்லாம் நிம்மதியாக இருக்கிறார்கள், கேட்டவளுக்கு ஏன் அது இல்லை என்று கோபமாகவும் வந்தது.

அந்தப் பேச்சு தங்கச்சியிடமிருந்து அவள் வீட்டுக்காரருக்குப் போய், அவரிடமிருந்து காசிமேட்டில் மீன் ஏலக்கூடத்தில் நின்ற என் தம்பிக்குப் போக இரண்டு நாள்கூட ஆகவில்லை. அவன் நடுமத்தியானம் வீட்டுக்கு வந்தான். எனக்கு அன்று வாராந்திர லீவு. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "இன்னாக்கா பண்ணிகினு கீற? குத்த சீரத் திருப்பிக் கேட்டியாமே? மச்சான் நாலு பேரு முன்னால கேக்கறாரு, உங்கக்கா பொருளத் திருப்பிக் கேக்குதே, துட்டுக்கு கஷ்டமான்னு. எம் மானமே பூச்சு" என்று கத்தினான். அவன் பெண்டாட்டி சமையல்கட்டு வாசலில் வந்து நின்றாள். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "நம்ம வூட்ல இப்டி ஒருத்தி கேட்டதே கெடையாதுடி. உனுக்கு இன்னா கொற வெச்சோம்?" என்றாள்.

இதற்கு மேல் மறைப்பதில் அர்த்தமில்லை என்று தோன்றியது. உண்மையைச் சொல்லிவிட்டால் புரிந்துகொள்வார்கள் என்றுகூட நம்பினேன். இத்தனை வருஷம் என்னோடு ஒரே ஹாலில் படுக்கிறவள், என் பக்கத்தில் உட்கார்ந்து "எங்கக்கா" என்று குதித்த தம்பி. எழுந்து நின்று சொன்னேன்.

"அது சீருக்கு வாங்கல. எனக்கு வாங்கினேன். நான் வெள்ளாடறதுக்கு."

அம்மா என்னைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். முதலில் அவளுக்குத்தான் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்தினாள், முடியவில்லை, தோள் குலுங்கியது. "நீயா? கேமா? ஐயோ, இவ இன்னா சொல்றா பாருடா" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தம்பி பெண்டாட்டி சுவரில் சாய்ந்து சிரித்தாள். தம்பி கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டுதான் நின்றான். பிறகு அவனாலும் அடக்க முடியவில்லை. "நல்லா சொன்ன போக்கா. நான்கூட நெசமாத்தான் கோவப்பட்டுகினு வந்தேன். மச்சாங்கிட்ட நான் தமாசுன்னு சொல்லிக்கிறேன், வுடு" என்றான். அவர்கள் சிரிப்பில் வன்மம் ஒன்றும் இல்லை. குழந்தை ஏதோ மழலை பேசினால் சிரிப்பது போலத்தான் சிரித்தார்கள்.

தம்பிக்குக் கோபம் முழுக்கப் போய்விட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு, சட்டைப் பட்டனைத் தளர்த்தி, ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தான். டீ போடச் சொன்னான். போட்டேன்.